மூன்றாம் நாள்

"சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே, இதோட எப்படிம்மா ஓடுவீங்க?" என்று அந்த நர்ஸ் பெண் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 44 வயசில் என்னை ஓடச் சொல்கிறார்களே என்று! நல்லவேளை, என் மகள் முன்யோசனையாகத் தன் சுடிதார் ஒன்றைப் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் சுடிதார், எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அதைப் போட்டுக்கொண்டு, உடம்பில் பத்து இடத்தில் ஒயரை ஒட்டிக்கொண்டு, இரவல் ஷூவோடு அந்த ஓடுகிற பெல்ட்டின் மேல் ஏறி நின்றேன். 2019-ம் வருஷம், மாசி மாதம், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி.

அங்கே போய் நிற்க வேண்டி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஐப்பசியில் எனக்கு டெங்கு. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க அந்தப் பேச்சுத்தான். தெருமுனையில் அண்டா வைத்து நிலவேம்புக் கஷாயம் ஊற்றினார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல் போய்விட்டது. அசதி போகவில்லை. "டெங்குன்னா அப்படித்தான், மூணு மாசம் இருக்கும்" என்றார்கள். ஒரு வருஷம் ஆயிற்று. நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பு இரண்டாம் மாடியில். நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. நெஞ்சு படபடக்கும். தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்தாயிற்று. ரத்தம் கொஞ்சம் குறைச்சலாக இருந்தது, மாத்திரையில் அதுவும் சரியாயிற்று. கடைசியாக, இதயத்தையும் பார்த்துவிடலாம் என்று டிரெட்மில் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த டெஸ்டை 'புரூஸ் முறை' என்கிறார்கள். சியாட்டில் நகரத்தில் இருந்த ராபர்ட் புரூஸ் என்ற இதய டாக்டர் 1963-ல் வகுத்தது. முதல் மூன்று நிமிஷம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், மலையேறுகிற மாதிரி லேசான சரிவு. மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் சரிவும் ஏறும். 220-லிருந்து வயசைக் கழித்தால் என்ன வருகிறதோ அதில் 85 சதவீதம் வரை நாடித்துடிப்பு ஏற வேண்டும். எனக்கு அது 150. அந்தப் படபடப்பிலும் நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன் என்றால் பாருங்களேன், தொழில் புத்தி! ஏழரை நிமிஷம் தாக்குப் பிடித்தேன். துடிப்பு 152. மெஷினை நிறுத்தினார்கள்.

ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று இருந்தது. வீட்டில் என் மாமியார் அதைக் கேட்டுப் பயந்தே போனார். "நெகட்டிவ்னா கெடுதலாம்மா?" "இல்லை அத்தை, நல்லதுதான்" என்றேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டலில் இவரும் நானும் ரவா தோசை சாப்பிட்டு, காபி குடித்து, ஒன்றரை வருஷக் கவலையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

டெஸ்ட் எடுத்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை பள்ளிக்கூடம் போய் நாலு பீரியட் எடுத்தேன். கெண்டைக்கால் வலி தவிர ஒன்றுமில்லை. வியாழக்கிழமை விடியற்காலை கண் விழித்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

முடியவில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறோம். பத்துப் படி மாவு அரைத்துவிட்டு உட்கார்ந்தால் அது அலுப்பு. ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் அசதி. அதெல்லாம் ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். இது அந்த ஜாதியே இல்லை. பல் துலக்கக் கையைத் தூக்கினால் கை நடுங்கி இறங்கிவிட்டது. தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டு, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மகள் பேசினால் சத்தம் கேட்கிறது, அர்த்தம் ஒரு நொடி கழித்துத்தான் வருகிறது. டம்ளரைக் கேட்க நினைத்துத் "தாழ்ப்பாளை எடு" என்றேனாம்! கணக்கு டீச்சருக்கு ஏழும் எட்டும் எத்தனை என்று யோசிக்க வேண்டியிருந்தது. தூங்கித் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை. இப்படிப் பதினோரு நாள்.

மறுபடி டாக்டரிடம் போனோம். "டெஸ்ட்ல நீங்க பாஸும்மா. அது முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வந்ததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உடம்பு பழக்கம் விட்டுப்போச்சு, மனசும் கொஞ்சம் தளர்ந்திருக்கு. தினமும் வாக்கிங் போங்க. வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டிக்கிட்டே வாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அது. நானும் நல்ல மாணவியாக நடந்தேன். பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் எங்கள் காலனியைச் சுற்றிச் சுற்றி, 10 நிமிஷம், 15, 20. இவரும் கூடவே வருவார். நடந்த அன்றைக்கு நன்றாகவே இருக்கும். பிறகு திடீரென்று ஒரு நாள் படுத்துவிடுவேன். எழுந்ததும், விட்டதைப் பிடிக்க வேண்டுமே என்று இன்னும் கூட நடப்பேன். சம்பளம் பிடித்த லீவு ஏறிக்கொண்டே போனது.

ஒரு ராத்திரி இவர், "டெஸ்டே நார்மல்னு சொல்லியாச்சு. இன்னும் உனக்கு என்னதான் பண்ணணும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் சோம்பேறியாகிவிட்டேனோ என்று.

அந்த ஆவணியில் கும்பகோணத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். தாய்மாமன் வீடு நாங்கள், சும்மா உட்கார முடியுமா? சீர்த்தட்டு தூக்கினேன், பந்தியில் நின்றேன், வீடியோக்காரர் வந்தபோது சிரித்தேன். இரண்டு நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விழுந்தேன். இந்தத் தடவை மூன்று வாரம். "கல்யாணத்துல ஓடியாடிக்கிட்டுத்தானே இருந்தா! வீட்டு வேலைன்னா மட்டும் படுத்துக்குவாளாக்கும்" என்று நாத்தனார் சொன்னது சுற்றி வளைத்து என் காதுக்கே வந்தது. அவரைச் சொல்லி என்ன? சிரித்த முகத்தை ஊரே பார்த்தது. இருட்டறையில் கிடந்த முகத்தை யார் பார்த்தார்கள்?

ஒருவர் பார்த்திருந்தார்.

எங்கள் சமையலறையில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் பாக்கெட் கணக்கு, காஸ் வந்த தேதி, வேலைக்கார அம்மா வராத நாள் எல்லாம் அத்தை அதில் பென்சிலால் குறிப்பார். அவருக்கு அப்போது 76 வயசு. அஞ்சாம் வகுப்புப் படிப்பு. கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏம்மா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டியே? நீ வேலை செஞ்ச அன்னைக்குப் படுக்கறதில்லை. மறுநாளும் பெரும்பாலும் படுக்கறதில்லை. மூணாம் நாள்தான் படுக்கறே. எங்க அப்பாவுக்கு முறைக்காய்ச்சல் வந்தப்ப எங்க பாட்டி சுவத்துல கரிக்கோடு போட்டு நாள் பார்ப்பாங்க. அது மாதிரி நானும் குறிச்சுக்கிட்டு வர்றேன்" என்றார்.

காலண்டரைக் கழற்றி எடுத்து வரச் சொன்னேன். நான் கூடுதலாக நடந்த, வேலை செய்த நாளுக்கெல்லாம் ஒரு சின்ன வட்டம். படுத்த நாளுக்குப் பெருக்கல் குறி. மாசியிலிருந்து 19 வட்டம். அதில் 16 வட்டத்துக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ தள்ளிப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. இந்தக் கணக்கை இத்தனை நாள் நான் போடவில்லையே! வேலையையும் படுக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வாக்கிங்கை நிறுத்தினேன். 2020-ல் ஊரடங்கு வந்தது. ஊருக்கெல்லாம் கஷ்டகாலம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது நல்ல காலமாகப் போயிற்று. பஸ் இல்லை, மாடிப்படி இல்லை, உட்கார்ந்த இடத்தில் செல்போனில் பாடம். காலண்டரில் பெருக்கல் குறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. குணமாகிவிடவில்லை. ஆனால் குறைந்தன.

2022 பொங்கலுக்கு என் அக்கா மகள் வந்திருந்தாள். இங்கிலாந்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறாள். பேச்சுவாக்கில் காலண்டரைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சித்தி, இதுக்குப் பேர் இருக்கு" என்றாள்.

க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோம் என்றும், எம்.ஈ. என்றும் சொல்கிறார்கள். ஏதாவது ஒரு தொற்றுக்காய்ச்சலுக்குப் பிறகு வருவது நிறைய, பெண்களுக்கு அதிகம். உலக சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டதாம். எனக்கு அப்போது பிறப்பே இல்லை! 2015-ல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு எல்லா ஆராய்ச்சிகளையும் அலசி அடையாளம் சொன்னது: ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிற, வழக்கமான வாழ்க்கையையே குறைத்துவிடுகிற களைப்பு, தூங்கினாலும் தெளியாத உடம்பு, உழைப்புக்குப் பிறகு வருகிற சரிவு, இவற்றோடு மூளை மந்தமோ, நின்றால் வருகிற தலைசுற்றலோ. இந்தச் சரிவுதான் இந்த நோயின் முத்திரை. பலருக்கு அது உடனே வராது. அரை நாள் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ வரும். நடை, வேலை மட்டுமல்ல, ரொம்ப நேரம் பேசினாலும் படித்தாலும்கூட வரும்.

"அப்ப என் டெஸ்ட் எப்படி நார்மல்?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் டெஸ்ட்ல அது அகப்படாது சித்தி. அது ரத்தக்குழாய் அடைப்பு இருக்கான்னு பார்த்துச்சு. இல்லைன்னு சரியாத்தான் சொல்லுச்சு."

இந்த நோய்க்கென்று இரண்டு நாள் டெஸ்ட் இருக்கிறதாம். கலிஃபோர்னியாவில் வொர்க்வெல் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் அதில் பெயர் பெற்றவர்கள். முகமூடி மாதிரி ஒன்றை மாட்டி, நின்ற இடத்தில் இருக்கிற சைக்கிளை மிதிக்கச் சொல்வார்கள். எவ்வளவு ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கரியமிலவாயு வெளியே வருகிறது என்று மூச்சுக்கு மூச்சு அளப்பார்கள். சரியாக 24 மணி நேரம் கழித்து அதே ஆளை, அதே சைக்கிளில், அதே மாதிரி மிதிக்க வைப்பார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். மற்றவர்களுக்கு, உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்குக்கூட, இரண்டாம் நாள் கணக்கு ஏறக்குறைய முதல் நாள் மாதிரியே வரும். 2013-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் 51 நோயாளிகள், 10 ஆரோக்கியமானவர்கள். முதல் நாள் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டாம் நாள் நோயாளிகளின் ஆக்ஸிஜன் அளவும் மிதிக்கிற சக்தியும் இறங்கிவிட்டன. பிறகு வந்த ஆராய்ச்சிகளில் எல்லாவற்றிலும் ஒரே அளவு இறக்கம் வரவில்லை என்பதையும் அவள் சொல்லத் தவறவில்லை.

இறங்குவது என்றால் என்ன? நாம் மெதுவாக வேலை செய்யும்போது உடம்பு ஆக்ஸிஜனை வைத்தே தேவையான சக்தியைச் செய்துகொள்கிறது. ஓர் எல்லைக்கு மேல் போனால் அது போதாமல் வேறு வழியிலும் சக்தி எடுக்கிறது. கையிருப்பு தீர்ந்து வட்டிக்கு வாங்குகிற மாதிரி. நல்ல உடம்புக்கு அந்த எல்லை வேகமாக மாடி ஏறும்போது வரும். எங்களைப் போன்றவர்களுக்கு, சரிவு வந்த நாளில், குளித்துத் தலை துவட்டுவதற்குள் வந்துவிடும். அதைப் 'பழக்கம் விட்டுப்போன உடம்பு' என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. 24 மணி நேரத்தில் ஒருவருக்குப் பழக்கம் விட்டுப்போகுமா?

நான் வாக்கிங் போய்க் கெட்டதையும் சொன்னேன். அவள் முகம் வாடிப்போயிற்று. அங்கேயும் பல வருஷம் அப்படித்தான் செய்தார்களாம். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் குணம் தெரியும் என்று 2011-ல் லான்செட் பத்திரிகையில் பெரிய ஆராய்ச்சி வந்தது. நோயாளிகள் எதிர்த்தார்கள், வழக்காடி மூலக் கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள். கடைசியில் 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்கு அப்படி நிர்ணயமாகக் கூட்டிக்கொண்டே போகிற உடற்பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. "நானே ஆரம்பத்துல அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கேன் சித்தி" என்றாள் மெல்ல.

எனக்கு ஒரே ஆசை பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு நாள் டெஸ்டை எங்கேயாவது எடுத்துவிட வேண்டும். கையில் ஒரு காகிதம் வேண்டும். இவரிடம் காட்ட, பள்ளிக்கூடத்தில் காட்ட, நாத்தனார் முன்னால் கண்ணாடி போட்டு வைக்க! "சென்னையில பார்க்கலாமா? எவ்வளவு செலவானாலும் சரி" என்றேன்.

"அந்த டெஸ்டே உங்களைப் படுக்கையில தள்ளும். ஒரு வாரமோ, ஒரு மாசமோ. சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகியிருக்கு. விழ வைச்சு, விழறதை அளக்கறதுதான் அந்த டெஸ்ட். வைத்தியம் ஒண்ணும் அதனால மாறப்போறதில்லை. யாருக்காக எடுக்கணும்?"

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்ப வைப்பதற்காக இன்னொரு தடவை ஓட வேண்டுமா? காலையில் காலண்டர்களை, மூன்று வருஷத்தியதையும், இவர் காபி குடிக்கிற மேஜையில் வைத்தேன். அத்தையின் வட்டங்களையும் பெருக்கல்களையும் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன். இவர் பாங்கில் 27 வருஷம் லெட்ஜர் பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "வாக்கிங்குக்கு நான்தானே உன்னை இழுத்துக்கிட்டுப் போனேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சமையலறைக்கு ஓர் உயரமான ஸ்டூல் வந்து சேர்ந்தது.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் இன்றைக்கும் காய் நறுக்குகிறேன், தோசை வார்க்கிறேன். நோயைக் குணப்படுத்தும் மருந்து இதுவரை கிடையாது. எல்லைக்குள் இருக்கப் பழகிக்கொள்ளலாம். கையில் நாடி பார்க்கிற கடிகாரம் கட்டியிருக்கிறேன். ஓய்வில் என் துடிப்பு 76. அதோடு 15 கூட்டி, 91-க்குள் பெரும்பாலும் இருக்கப் பார் என்பது அக்கா மகள் சொன்ன கணக்கு. துணி உலர்த்தக் கையைத் தூக்கினாலே 100 தாண்டுகிறது! அதனால் துணி உலர்த்துவது இவர் வேலையாயிற்று. களைத்த பிறகு படுப்பதில்லை, களைக்கும் முன்பே 20 நிமிஷம் படுத்துவிடுகிறேன். முதலில் இதற்கு வெட்கப்பட்டேன். பகலில் படுக்கிற மருமகளா என்று. அத்தையே கதவைச் சாத்திவிட்டுப் போவார். உடம்பு நன்றாக இருக்கிற நாள்தான் ஆபத்து. விட்ட வேலையெல்லாம் அன்றைக்குக் கண்ணில் படும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையிடம் கேட்டு வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டேன். மாதத்தில் இரண்டு மூன்று பெருக்கல் குறி இன்னும் விழுகிறது.

இதைப் படிக்கிற சகோதரிகள், களைப்பு என்றவுடன் இதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் வீடுகளில் ரத்தசோகையும் தைராய்டும் எவ்வளவு சாதாரணம்! அவற்றை முதலில் பாருங்கள். வாக்கிங் போனால் உடம்பு தெளிகிறவர்கள் தாராளமாகப் போங்கள். நடந்து இரண்டு மூன்று நாள் கழித்து விழுகிறீர்களா, அது திரும்பத் திரும்ப வருகிறதா என்று மட்டும் ஒரு காலண்டரில் குறித்துப் பார்த்து, அதை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள் அக்கா மகள். கோவிட் வந்துபோன பிறகு இதே மாதிரி சரிவு வருகிறவர்களை, சைக்கிள் மிதிக்க வைப்பதற்கு முன்னும் மறுநாளும் தொடைச் சதையில் துணுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் எடுத்த சதையில், சக்தி உண்டாக்குகிற வேலை குறைந்திருந்தது, திசுச் சேதமும் கூடியிருந்தது. கண்ணால் பார்த்தாயிற்று. அத்தையிடம் படித்துக் காட்டினேன். "இதுக்குச் சதையை வேற வெட்டிப் பார்த்தாங்களாக்கும்!" என்றார்.

போன வாரம் நாத்தனார் போன் பண்ணினார். இரண்டாவது மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். நான் படுத்திருந்தேன், இவர்தான் எடுத்தார். "முகூர்த்தத்துக்கு வருவாக்கா. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பா. ரிசப்ஷனுக்கும் பந்திக்கும் அவளை எதிர்பார்க்காதே, சீர்த்தட்டை நான் தூக்கறேன்" என்று சொல்வது அறைக்குள் கேட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "அதெல்லாம் நார்மல்தான்க்கா, மூணாம் நாள் வந்து பாரு" என்று வைத்துவிட்டார்.

புதுக் காலண்டர் இன்னும் வரவில்லை. அத்தைக்கு இப்போது 82. பழைய காலண்டரின் கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கல்யாணத் தேதியை எழுதி ஒரு வட்டம் போட்டு, அதற்கு அடுத்து மூன்று நாளைக் கட்டம் கட்டி வைத்திருக்கிறார். அந்த மூன்று நாளுக்கும் மாவு அரைக்கிற வேலை என் மகளுடையதாம்.